சார்ஜரின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதே

அன்புள்ள மகளுக்கு,

உன் மெசேஜைப் படித்தேன். பழைய சார்ஜரின் வயர் பிய்ந்துவிட்டது. தோழி தந்த 100 வாட் சார்ஜர் கையில் இருந்தும், போட்டால் பேட்டரி கெட்டுவிடுமோ என்று எடுத்து வைத்துவிட்டாய். போனுக்கு வாங்கிய 30 வாட் சார்ஜரிலேயே லேப்டாப்பை ஓட்டிக்கொண்டு, "மெதுவாக ஏறினால் பேட்டரிக்கு நல்லதுதானே அம்மா?" என்று கேட்டிருக்கிறாய்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோழியின் 100 வாட் சார்ஜரைத் தாராளமாகப் போடு. பகலில் வேலை பார்க்கும்போது அந்த 30 வாட் சார்ஜர் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். நாளைக்கு வேறொரு சார்ஜர் கைக்கு வந்தால் நீயே பார்த்து முடிவெடுக்க வேண்டும் அல்லவா?

சுவரில் மாட்டுகிற அந்தப் பெட்டி நேரடியாக பேட்டரிக்குள் மின்சாரத்தை அனுப்புவதில்லை. வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றி லேப்டாப்பின் வாசல் வரை கொண்டுவந்து தருவதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பேட்டரிக்கு எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் லேப்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் சார்ஜிங் சிப்தான் பார்த்துக்கொள்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் சாதாரண லித்தியம் அயான் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த எல்லை வரும் வரை ஒரே அளவு கரண்டை விட்டு, எல்லை வந்ததும் வோல்ட்டை அப்படியே பிடித்துக்கொண்டு கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறுவதும், கடைசி 20 மட்டும் இழுத்துக்கொண்டே போவதும் அதனால்தான். சார்ஜர் பெரிதாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது.

உன் லேப்டாப்பில் இருப்பது யூஎஸ்பி சி வாசல். அதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கேபிளைச் சொருகியதும் சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும்தான் தரும். அப்புறம் "என்னால் 5, 9, 15, 20 வோல்ட் தர முடியும், ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்ப் வரை" என்று ஒரு பட்டியலை அனுப்பும். அதில் தனக்கு வேண்டியதை லேப்டாப் கேட்ட பிறகுதான் வோல்ட் உயரும். 65 வாட்டுக்கு வடிவமைத்த உன் லேப்டாப், 100 வாட் சார்ஜரைப் போட்டாலும் தன் தேவைக்கு மேல் இழுக்காது. மிச்சம் 35 வாட் சார்ஜரின் பையிலேயே இருக்கும். சொல்லப்போனால், முழுத் திறனில் முக்காமல் ஓடுவதால் சார்ஜர் கொஞ்சம் நிம்மதியாகவே வேலை செய்யும். வேகமாக ஏறிவிடும் என்றும் நினைக்காதே. பழைய 65 வாட்டில் ஏறிய அதே வேகம்தான்.

இனி அந்த 30 வாட் விஷயம். உன் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மெதுவாக ஏற்றினால் செல் சூடாவது குறையும், அது உண்மை. லேப்டாப்பை அணைத்துவிட்டு இரவில் போட்டு வைத்தால் 30 வாட்டில் ஒரு கெடுதலும் இல்லை. சிக்கல் பகலில் வருகிறது. நீ வீடியோ எடிட் செய்யும்போது லேப்டாப் 45 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள். சார்ஜர் 30தான் தரும். மீதி 15 வாட்டை பேட்டரிதான் கொடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் 15 வாட்-ஹவர் போய்விடும். உன் பேட்டரியில் இப்போது நிற்பது ஏறக்குறைய 48 வாட்-ஹவர். அதாவது வயர் மாட்டியிருக்கும்போதே மணிக்கு மூன்றில் ஒரு பங்கு கரைகிறது. வேலை முடிந்ததும் அது மறுபடி ஏறும், அடுத்த நாள் மறுபடி கரையும். பேட்டரியின் ஆயுளைக் கணக்கிடுகிற சைக்கிள் என்பது இப்படித்தான் சேர்கிறது. 100 சதவீத அளவுக்கு மொத்தமாகச் செலவானால் ஒரு சைக்கிள். அது ஒரே நாளில் செலவானாலும் சரி, நாலு நாளில் துண்டு துண்டாகச் செலவானாலும் சரி. சார்ஜரில்தானே ஓடுகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே சைக்கிள் ஏறிக்கொண்டே போகிறது.

அதோடு, வருகிற மின்சாரம் போதாது என்று தெரிந்தால் பல லேப்டாப்புகள் புராசசரின் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று நீ புலம்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். திரையின் மூலையில் 'ஸ்லோ சார்ஜர்' என்று ஒரு அறிவிப்பு வந்து போகிறதா என்று பார்.

கேபிளை மறந்துவிடாதே. இதில்தான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். எல்லா யூஎஸ்பி சி கேபிளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றல்ல. சாதாரண கேபிள் 3 ஆம்ப் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டை 3 ஆம்ப்பால் பெருக்கினால் 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். "நான் 5 ஆம்ப் தாங்குவேன்" என்று அது சொன்னால்தான் சார்ஜர் 60 வாட்டைத் தாண்டும். தோழியின் சார்ஜரோடு உன் போன் கேபிளைச் சேர்த்துப் போட்டால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோடு நின்றுவிடும். அதனால் ஆபத்து எதுவும் இல்லை, கிடைப்பது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனாலும் அவளிடம் கேபிளையும் சேர்த்தே கேட்டு வாங்கு. அந்தச் சார்ஜரில் இரண்டு மூன்று வாசல் இருந்தால், லேப்டாப் ஓடும்போது பக்கத்தில் போனைச் சொருகாதே. இரண்டுக்கும் பங்கு போட்டுவிடும். லேப்டாப்புக்குப் போவது 65க்குக் கீழே இறங்கிவிடலாம்.

உருவம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சார்ஜர் செங்கல் மாதிரி இருந்தது, தோழியுடையது உள்ளங்கைக்குள் அடங்குகிறது, இதற்கு எப்படி 100 வாட் என்று சந்தேகப்பட்டாய். புதிய சார்ஜர்களில் சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த ஸ்விட்ச்கள் இருக்கின்றன. அவை மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடும். அந்த வேகம் கூடக் கூட உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை அவ்வளவுக்குச் சின்னதாகச் செய்யலாம். அதனால் உருவத்தை வைத்து வாட்டைச் சொல்லவே முடியாது. ஆனால் சின்னச் சார்ஜர் தொட்டால் கூடுதல் சூடாகத் தெரியும். அந்தச் சூடு வெளியேற இடம் குறைவு, அதுதான் காரணம். கை வைக்க முடிகிற சூடு என்றால் பரவாயில்லை. தலையணைக்கு அடியிலும் போர்வைக்குள்ளும் மட்டும் வைக்காதே. வெறும் தரையிலோ மேசையிலோ கிடக்கட்டும்.

பழைய லேப்டாப்பின் உருண்டை பின் சார்ஜர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை யூஎஸ்பி சி போல லேப்டாப்பிடம் வோல்ட்டைப் பேரம் பேசுவதில்லை, சொருகியதும் முழு வோல்ட்டும் போய்விடும். பின் பொருந்துகிறது என்பதற்காக மானிட்டர் சார்ஜரையோ ரவுட்டர் சார்ஜரையோ எடுத்து லேப்டாப்பில் சொருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைப் படிக்க வேண்டும். 19.5 வோல்ட், 3.33 ஆம்ப் என்று இருந்தால் அது 65 வாட். வோல்ட் லேப்டாப்பின் அடியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்ப் அதே அளவோ, அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. ஒரு வட்டத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்னப் படம் இருக்கும், அதுவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உன் தம்பி அந்தப் பழைய லேப்டாப்பைத்தான் வைத்திருக்கிறான், அவனிடமும் இதைச் சொல்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வாட் இல்லை. பேர் ஊர் தெரியாத போலிச் சார்ஜர்தான். நாளெல்லாம் பவர் சப்ளை போர்டுகளோடு இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன், அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் வயிறு கலங்கும். நல்ல சார்ஜரின் போர்டில் சுவர் மின்சாரம் ஓடும் பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே ஒரு தெளிவான இடைவெளி இருக்கும். சில மில்லிமீட்டர் அகலத்தில் போர்டையே வெட்டிக்கூட விட்டிருப்பார்கள். போலியில் அந்த இடைவெளியில் ஈயம் வழிந்து கிடக்கும், கெப்பாசிட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு சுற்று டேப்போடு முடித்திருப்பார்கள். அந்த எல்லை ஒரு நாள் உடைந்தால் சுவர் மின்சாரம் நேராக லேப்டாப்புக்கும் உன் கைக்கும் வந்துவிடும். பேட்டரி போனால் மாற்றிக்கொள்ளலாம் கண்ணு. அதனால் புதிதாக வாங்கும்போது லேப்டாப் கம்பெனியுடையதையோ, பெயர் தெரிந்த கம்பெனியுடையதையோ பார்த்து வாங்கு. பணம் குறைகிறது என்றால் என்னிடம் கேள், விலையைப் பார்த்து இதில் இறங்காதே.

மெட்டல் உடலில் கை வைத்தால் லேசாகக் கூசுகிறது என்று முன்பொரு முறை சொன்னாயே, அது வேறு. இரண்டு பின் சார்ஜரில் எர்த் இல்லாததால் வருகிற மிகச் சிறிய கசிவு அது. எர்த் உள்ள மூன்று பின் வயர் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். சுரீர் என்று அடித்தால் மட்டும் உடனே கழற்றிவிடு.

நீ அனுப்பிய பேட்டரி ரிப்போர்ட்டையும் பார்த்தேன். புதிதில் 56,000 மில்லிவாட்-ஹவர் (56 வாட்-ஹவர்), இப்போது நிறைவது 47,600. அதாவது 85 சதவீதம். இரண்டு வருடம் நன்றாக உழைத்த பேட்டரிக்கு இது சாதாரணம், கவலைப்பட ஒன்றும் இல்லை. பேட்டரியை மூப்பாக்குவது முக்கியமாக இரண்டு: சூடும், எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பதும். இரண்டும் சேர்ந்தால் செல்லுக்குள் நடக்கக் கூடாத வேதிவினைகள் வேகமெடுத்து, வேலை செய்கிற லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். நீ முக்கால்வாசி நேரம் மேசையில் வயரோடுதான் வேலை பார்க்கிறாய். ஆகவே செட்டிங்ஸில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடு. சில லேப்டாப்புகளில் கம்பெனியே தரும் செயலிக்குள் இருக்கும். வெளியே கிளம்புகிற நாளில் 100 வரை ஏற்றிக்கொள், அதில் தப்பே இல்லை.

பூஜ்யம் வரை இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லீவுக்கு வரும்போது லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வைத்துவிட்டு வா. மெத்தைமேல் வைத்து வேலை பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடு. அடியில் காற்று போகும் வழி அடைபட்டால், எந்தச் சார்ஜரும் செய்யாத கெடுதலை அந்தச் சூடு செய்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே செய். லேப்டாப்பை அணைத்துவிட்டு ஒரு சமமான மேசையில் வை. நாலு மூலையும் மேசையில் உட்காருகிறதா, ஒரு பக்கம் ஆடுகிறதா பார். டச்பேடின் விளிம்பில் விரலை ஓட்டு. ஒரு பக்கம் மேடாகத் தூக்கியிருந்தாலோ, அழுத்தினால் முன்பு போல் சொடுக்காமல் இறுகியிருந்தாலோ, பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எந்தச் சார்ஜரையும் போடாதே, நீயாகப் பிரிக்கவும் வேண்டாம். உடனே எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் சரி.

எல்லாம் சரியாக இருந்தால் தோழியின் சார்ஜரில் லேபிள் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. எழுத்து பொடியாக இருக்கும், வெளிச்சத்தில் வைத்து எடு. நான் பார்த்துவிட்டு இன்று இரவே பதில் போடுகிறேன். புதுச் சார்ஜர் எது வாங்கலாம் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா