வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கருகிய சாக்கெட்டும் 140 வெள்ளி பில்லும்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் வயரிங் கடையின் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"12 வெள்ளி (ரிங்கிட்) சாக்கெட் மாற்ற 140 வெள்ளி பில்" என்று எங்கள் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பில் அதிகம் என்றதில் எனக்கு வருத்தமில்லை, அது யாரும் சொல்வதுதான். "பிரேக்கர் (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழவே இல்லை, வயர் நல்லாதான் இருந்திருக்கும், காசு பிடுங்கத்தான் புதுசா இழுத்தாங்க" என்றாரே அந்த அக்கா, அதுதான் தூங்க விடவில்லை.

அந்த வீட்டுக்கு நானே போனேன். அடுப்படிச் சாக்கெட் பழுப்பேறிக் கிடந்தது, பக்கத்தில் போனால் மீன் கவிச்சி. முதல் நாள் பொரித்த கெம்போங் மீன் என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். சாக்கெட் பிளாஸ்டிக் வெந்தால் அப்படித்தான் மணக்கும். திறந்தால், கரண்ட் வரும் லைவ் வயரின் திருகு தளர்ந்திருக்கிறது, வயரின் உறை உள்ளே வரை கருகியிருக்கிறது. கருகியதை வெட்டிவிட்டால் மிச்ச வயர் எட்டாது. அதனால்தான் புதிதாக இழுத்தோம்.

சரி, பிரேக்கர் ஏன் விழவில்லை? 2,000 வாட் கெட்டிலும் 1,500 வாட் ஏர் பிரையரும் ஒரே மல்டி பிளக்கில் ஓடியிருக்கின்றன. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 15 ஆம்பியர் சொச்சம். சாக்கெட் தாங்குவது 13. ஆனால் அந்த லைனின் பிரேக்கர் 20 ஆம்பியர், அதன் கண்ணுக்கு 15 ஒரு சுமையே இல்லை. திருகு தளர்ந்த இடத்தில் கூடுவது சூடு, கரண்ட் அல்ல. ஆர்சிசிபி என்ற இன்னொரு பாதுகாப்பு சுவிட்சோ கரண்ட் கசிந்தால்தான் விழும். மல்டி பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸும் 15க்கெல்லாம் சட்டென்று போய்விடாது. ஆக எல்லாம் நல்லபடியாக இருப்பது போலத் தெரியும், சுவருக்குள் மட்டும் வெந்துகொண்டிருக்கும். (போன வருடம் அந்தச் சாக்கெட்டைப் பொருத்தியது எங்கள் கடைப் பையன்தான். இன்னொரு முறுக்கு முறுக்கியிருக்கலாம்.)

2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் கடை மூடிக் கிடந்தபோது, இன்னும் முடிக்காத வேலைக்கும் முன்பணம் அனுப்பியவர்கள் நீங்கள். குரல் பதிவைக் கேட்டுவிட்டு "நாங்க இருக்கோம்ணே" என்று கடைக்கே வந்து சொன்னவர்களும் உண்டு. அந்த அன்பை நான் மறக்க மாட்டேன்.

எங்கள் மூத்த வயர்மேன் தீபாவளிக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பதிவு பெற்ற வயர்மேன் இன்னொருவர் கிடைக்கும்வரை சாதாரண வேலைகளுக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் சுட்டால், பழுப்பேறினால், சரசரவென்று சத்தம் வந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம். அந்த லைனின் பிரேக்கரை இறக்கிவிட்டு உடனே அழையுங்கள், நீங்களாகத் திறக்காதீர்கள்.

அன்புடன்,
கடைக்காரர்

பி.கு.: அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் வீட்டுக்கு வந்து பார்க்கும் கட்டணம் 30 வெள்ளியிலிருந்து 45 ஆகிறது. ஞாயிறு விடுமுறை.