தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் உளவளத்துணை வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 27 வருடங்கள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளுடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

கடந்த விடுமுறையில், படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்று அழுதுகொண்டு வந்தாள். ஆங்கிலப் பாடத்தில் சித்தியடையவில்லை. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு சரிவராது" என்று சிரேஷ்ட மாணவர் ஒருவர் சொல்லிவிட்டாராம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இவள் கேட்கவே இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வாய் திறந்தால் அரைப்பேர் விழும், பாதி நாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று பயந்து வாழ்ந்த பாட்டியிடம் வளர்ந்தவள். "பேசாமல் இரு" என்பதுதான் அந்தக் கிழவி அன்போடு கொடுத்த புத்திமதி. பாடசாலையில் நாங்களும் குறிப்பைப் பாடமாக்கச் சொன்னோமே தவிர, கேள்வி கேட்கப் பழக்கவில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

இணையவழி உளவளத்துணையை (கவுன்சலிங்) நாடினாள். முதலில் பேசியவர் ஆங்கிலத்தில், வீட்டாரை நினைக்காமல் உன் முடிவை நீயே எடு என்றாராம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஆறு பேர் படுத்தெழும்பும் ஒற்றை அறைக் காம்பிராவில் வீட்டாரை நினைக்காமல் எந்த முடிவை எடுப்பது?

அடுத்த முறை பேசியவர் தமிழர், மலையகத்திலேயே பிறந்தவர். அன்று நல்ல மழை. லயத்தில் சிக்னலும் இல்லை, தனிமையும் இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் படியில், அம்மா வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்கைப் போர்த்திக்கொண்டு, தொலைபேசியை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரும் அந்தப் பக்கம் வராமல் நான் பாதையில் குடையோடு நின்றேன்.

"உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து உண்டா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாம். எங்கள் தோட்டங்களில் ஆடும் அந்தக் கூத்தில், சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதீர்கள் என்று ரதி தடுப்பதும், போயே தீருவேன் என்று அவள் கணவன் மதன் (காமன்) மறுப்பதும் எங்கள் பிள்ளைகள் மாசிப் பனியில் கண்விழித்துப் பார்த்த தர்க்கம். "படிப்பை விடு என்பதற்கு ரதியாக நின்று காரணம் சொல். விடாதே என்பதற்கு மதனாக நின்று சொல்" என்றிருக்கிறார். ரதியிடம் இருந்தது அந்த மாணவரின் ஒரு வாக்கியம் மட்டும். மதன் பக்கத்தில் சித்தியடைந்த மற்ற எல்லாப் பாடங்களும் நின்றன. முடிவை அவர் சொல்லவே இல்லை. இவளாகத்தான் திரும்பிப் போனாள். போன மாதம் விரிவுரையில் எழுந்து, "இந்தக் கருத்துக்கு ஆதாரம் என்ன, சேர்?" என்று கேட்டாளாம். எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது குரல் நடுங்கியது. எனக்கும்தான்.

அவசர நிலைமைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அது வேறு தேவை. நான் கேட்பது, எங்கள் வாழ்க்கை தெரிந்த தமிழ் உளவளத்துணையாளர்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நியமிக்க வேண்டும் என்பதை. தோட்டங்களிலிருந்து பட்டம் பெற்று வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கே அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். 2020இல் கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழக இணையவழி விரிவுரைகளுக்கு டேட்டா கட்டணமில்லாமல் கிடைத்தது. அதே சலுகையை இந்த உரையாடலுக்கும் தரலாம். டேட்டா தீர்ந்து, அன்று அவளுடைய பேச்சு இரண்டு முறை பாதியில் அறுந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை.