நீ கொடுத்துப்போன கல்

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது நீ ஆலய வாசலில் எனக்காகக் காத்திருந்தாய். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த கல்லைப் பிரித்து என் கையில் கொடுத்தாய். "பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்தில் பொறுக்கியது, டீச்சர். படைப்பின் எந்த நாளில் இதை வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றாய். உன் குரலில் கேலி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஏமாந்துபோன பிள்ளையின் குரல் அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நீ போய்விட்டாய். நான் கல்லோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன்னோடு ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும். அவர்களில் சிலர் கேள்வியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். நீ திரும்பி வந்து கேட்டாய். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு படம் காட்டினேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாலக்சி என்ற ஆற்றின் படுகையில், டைனோசரின் காலடித் தடங்களுக்குப் பக்கத்திலேயே மனிதக் காலடித் தடங்கள். "வேதம் சொல்வதை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது பாருங்கள்" என்றேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தத் தடங்கள் மனிதருடையவை அல்ல. டைனோசரின் தடங்கள்தாம் சேறு மூடி, விரல் அடையாளம் மறைந்து, நீண்ட பாதம்போலத் தெரிந்திருக்கின்றன. தனியாக விற்கப்பட்ட சில கற்களில் இருந்தவை மனிதர் செதுக்கியவை. தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிலேயே முக்கியமானவர்கள் 1980-களின் நடுவில் இந்த ஆதாரத்திலிருந்து பின்வாங்கிவிட்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் அதை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன், எதையும் சரிபார்க்காமல். என்னை மன்னித்துவிடு.

படம் பொய்யாகிப்போனதைவிட, அதைக் கொண்டுபோய் நான் எங்கே வைத்தேன் என்பதுதான் இப்போது என்னை அதிகம் உறுத்துகிறது. உன் விசுவாசத்துக்கு அடியில் அதை அஸ்திபாரக் கல்லாக வைத்துவிட்டேன். கல்லூரியில் யாரோ அதை ஒரு நிமிடத்தில் உருவி எடுத்தபோது, மேலே கட்டியது முழுவதும் சரிந்ததுபோல உனக்குத் தோன்றியது. தோன்றாமல் எப்படி இருக்கும்?

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தை நீ மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறாய். "விசுவாசத்தினாலே நாம் உலகங்கள் தேவனுடைய வார்த்தையினால் உண்டாக்கப்பட்டதென்றும்..." என்று தொடங்கி, "அறிந்திருக்கிறோம்" என்று முடியும். முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் சேர்த்துப் படித்துப் பார். விசுவாசத்தினாலே அறிந்திருக்கிறோம். முதலில் சான்றுகளைத் திரட்டி, எடைபோட்டு, அதன்பிறகு விசுவாசித்தோம் என்று அந்த நிருபத்தை எழுதியவர் சொல்லவில்லை. விசுவாசப் பிரமாணமும் இப்படித்தான். "வானத்தையும் பூமியையும் படைத்த சர்வத்துக்கும் வல்ல பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்." தமிழில் வினை கடைசியில் வருவதால் வானமும் பூமியும் அந்த ஒரு "விசுவாசிக்கிறேன்" என்பதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஞாயிறுதோறும் எழுந்து நின்று இதைச் சொல்கிறோம். ஒருநாளும் யாரும் அங்கே "நிரூபிக்கிறேன்" என்று சொன்னதில்லை.

"அப்படியானால் விசுவாசம் என்பது கண்ணை மூடிக்கொள்வதுதானே" என்று நீ கேட்பாய். விசுவாசம் என்ற சொல்லை ஆலயத்துக்கு வெளியே நம் ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று யோசி. "உப்பிட்ட வீட்டுக்கு விசுவாசமாக இருந்தான்" என்கிறோம். நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். ஒருவரை விட்டு நகராமல் நிற்பதற்கு அந்தப் பெயர். எபிரெய மொழியில் இதற்கு உள்ள சொல் எமுனா. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் அதே வேரிலிருந்து வந்தது. யாத்திராகமம் 17-இல், அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில், ஆரோனும் ஊர் என்பவனும் இருபக்கமும் தாங்கிப் பிடிக்க, மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை அசையாமல் நின்றன அல்லவா? அந்தக் கைகளின் நிலைக்கும் எபிரெயத்தில் எமுனா என்றுதான் எழுதியிருக்கிறது. தகவல் போதாத இடத்தை இட்டுநிரப்பும் ஊகத்துக்கு யாரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். ஆளைத் தெரிந்துகொண்டு அவரைப் பிடித்துக்கொள்வதுதான் அது.

வேதத்தில் படைப்பைப் பற்றி உரத்துப் பேசுகிறவர்கள் யார், எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? கி.மு. 586-இல் எருசலேம் எரிந்தது. ஆலயம் போயிற்று, ராஜா போனான், ஜனங்களைப் பாபிலோனுக்கு ஓட்டிக்கொண்டுபோனார்கள். அங்கே சூரியனும் தெய்வம், சந்திரனும் தெய்வம். மர்துக் என்ற தேவன் தியாமத் என்பவளைக் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்கினான் என்பது அவர்களுடைய கதை. தேவர்களின் வேலைப்பளுவைச் சுமப்பதற்காகவே மனிதன் உண்டாக்கப்பட்டான் என்றும் அந்தக் கதை சொல்லும். தோற்றுப்போய்க் கிடந்த கூட்டத்திடம்தான் ஏசாயா 40 பேசுகிறது: "உங்கள் கண்களை ஏறெடுத்துப்பாருங்கள், அவைகளைச் சிருஷ்டித்தவர் யார்?" ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திரும்பப் படி. சூரியன், சந்திரன் என்ற பெயர்களே அதில் வராது. பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். ஊரே கும்பிடும் தெய்வங்களை விளக்குகளாக மாட்டி வைத்துவிட்டு, மனிதனைத் தேவசாயலில் உண்டாக்கினார் என்று எழுதியிருக்கிறது. ஜெயித்தவனுடைய தெய்வமே பெரியது என்பதற்குக் கண்ணெதிரே எல்லாச் சான்றும் இருந்த நாளில், இந்த ஜனங்கள் வேறொன்றை அறிக்கையிட்டார்கள். எகிப்திலிருந்து தங்களைக் கைப்பிடித்து அழைத்துவந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரே வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது.

கத்தோலிக்கரின் வேதாகமத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் வருகிறாள். ஆறு மகன்களை அவள் கண்முன்னே சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள். கடைசி மகனிடம் அவள் குனிந்து சொல்கிறாள்: வானத்தையும் பூமியையும் பார், கடவுள் இவற்றை ஏற்கெனவே இருந்தவற்றிலிருந்து உண்டாக்கவில்லை. இல்லாமையிலிருந்து படைத்தவர் உன்னைத் திருப்பித் தருவார் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. இல்லாமையிலிருந்து படைப்பு என்ற உபதேசம் இத்தனை பழைய காலத்தில் இவ்வளவு தெளிவாக வருவது ஒரு தாயின் வாயிலிருந்து, அதுவும் கொலைக்களத்தில்.

என் அம்மாவிடமும் இதைப் பார்த்தேன். அப்பாவை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன இரவு, வராந்தாவில் இரும்பு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் போனபோதுதான் கேட்டது: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." நூற்று இருபத்தோராம் சங்கீதத்தின் அந்த ஒரே வரியை விடியும்வரை சொன்னார்கள். பூமிக்கு எத்தனை வயது என்று அம்மாவுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. உண்டாக்கினவர் கையில் தன் வீட்டுக்காரர் இருக்கிறார் என்பது தெரியும். படைப்பை விசுவாசிப்பது என்றால் என்னவென்று நான் கற்றுக்கொண்டது அந்த வராந்தாவில்தான். அதை உங்களுக்குச் சொல்லாமல் டெக்சாஸ் காலடித் தடத்தைக் காட்டியிருக்கிறேனே என்று நினைத்தால் இப்போதும் மனம் கலங்குகிறது.

உன் கல்லுக்கு வருகிறேன். மூன்று வாரமாக அது என் மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கை அகலம், எதிர்பார்த்ததைவிடக் கனம். ஆட்டுக்கிடாயின் கொம்புபோல உள்நோக்கிச் சுருண்டு, சுருளுக்குக் குறுக்கே வரிவரியாக மேடுகள். ஓடு உதிர்ந்த ஓர் இடத்தில் இலை விளிம்புபோல நெளியும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இதன் பெயர் அம்மோனைட் என்றும், அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் ஓடு கல்லானது என்றும், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காரை கடலாக இருந்ததென்றும் நீ சொன்னாய். கடலே கண்ணில் படாத ஊர் அது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பதினெட்டு மீட்டர் மரத்தை நாம் சுற்றுலாவில் பார்த்தது ஞாபகம் வந்தது.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா வந்தவர், கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "சாளக்கிராமம் எங்கே கிடைத்தது?" என்றார். நேபாளத்தில் கண்டகி நதியில் எடுத்துப் பெருமாளாக வைத்துப் பூசிக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இரவு நெடுநேரம் அதையே யோசித்தேன். ஒரே கல். நீ அதில் ஒரு கடலின் காலத்தைப் பார்க்கிறாய். அவர் பெருமாளைப் பார்க்கிறார். நான் என் பரம பிதாவின் கைவேலையைப் பார்க்கிறேன். கல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. 19-ஆம் சங்கீதம் வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு வசனம் தள்ளி, "அவைகளுக்குப் பேச்சுமில்லை, வார்த்தையுமில்லை" என்கிறதே, அதை இத்தனை வருடம் கவனிக்காமல் தாண்டிப்போயிருக்கிறேன். ரோமர் முதல் அதிகாரத்தைச் சொல்லி நீ என்னை மடக்கலாம். படைக்கப்பட்டவைகளால் அவருடைய வல்லமை தெளிவாய்க் காணப்படும் என்று பவுல் எழுதுகிறாரே என்று. ஆம், காணப்படுகிறது. பார்த்த மனிதர்கள் அவரை மகிமைப்படுத்தவில்லை என்பதையும் பவுல் அதே மூச்சில் சொல்கிறார். பார்ப்பது மட்டும் போதவில்லை.

பொய்யான சான்றை நம்பி நான் விழுந்தேன். மெய்யான சான்றையும் அஸ்திபாரமாக வைக்காத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு, இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இல் எழுதினார். எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-இல் சொன்னார். இன்று பெருவெடிப்பு என்று நீ படிக்கும் பாடத்தின் தொடக்கம் அதுதான். 1951-இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர், விஞ்ஞானம் "ஒளி உண்டாகக்கடவது" என்ற வார்த்தைக்கே சாட்சி சொல்வதுபோலப் பேசினார். லெமெத்ருக்கு அதில் உடன்பாடில்லை. தன்னுடைய கோட்பாடு மதத்தைப் பற்றிய கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கடவுளைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்ததால் அல்ல; கடைசிவரை அவர் குருவானவராகவே வாழ்ந்தார். நாளை ஒரு கணக்கு மாறினால் ஆடிப்போகிற இடத்தில் தன் தேவனை அவர் வைக்கவில்லை.

ஆதித் திருச்சபையின் போதகரான அகுஸ்தீனும் இதைத்தான் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்னார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை அவர் எப்படி நம்புவார் என்று கேட்டார். ஆதியாகமத்தின் நாட்கள் நமக்குத் தெரிந்த நாட்கள்தாமா என்ற கேள்வியும் அவருக்கு இருந்தது, டார்வினுக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே. சூரியன் நான்காம் நாளில்தானே வருகிறது!

நம் சபையில் ஆறு நாள் என்றால் இருபத்துநான்கு மணி நேரம் கொண்ட ஆறு நாளேதான் என்று விசுவாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அவர்களும் என் அம்மாவைப்போல அவரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். பூமிக்கு ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் என்று உன் பேராசிரியர் சொன்னால், நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். அதை அளக்கும் வேலை உன்னுடையது. அதை நேர்மையாகச் செய். விசுவாசத்தைக் காப்பாற்றுவதற்காக ஓர் எண்ணையும் திருத்தாதே; அப்படிக் காப்பாற்ற வேண்டிய விசுவாசத்தை நான் உனக்கு இனிமேல் கற்றுக்கொடுக்க மாட்டேன்.

எந்த நாளில் வைப்பது என்று கேட்டாய். நீரில் நீந்தும் ஜீவஜந்துக்களோடு ஐந்தாம் நாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நீ கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். நான் இனி உன்னை நம்பலாமா என்று கேட்டாய். என்னை நம்பவேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், தம்பி. எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார். பார்க்க முடியவில்லை என்றால், முடியவில்லை என்றே வந்து சொல். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஒரு காரியம் செய். இந்த ஞாயிறு கல்லை வகுப்புக்கு எடுத்துப்போகப்போகிறேன். பத்து வயதுப் பிள்ளைகள். இந்தப் பிராணி உயிரோடிருந்தபோது எப்படி இருந்தது, சுருளுக்குள் இருந்த அறைகள் எதற்கு, எப்படி மிதந்தது, என்ன தின்றது என்று இரண்டு பக்கம் எழுதி சனிக்கிழமைக்குள் அனுப்பு. அந்த நெளிகோடுகளுக்கு என்ன பெயர் என்பதையும் எழுது. அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

ஜெபத்தோடும் அன்போடும்,
உன் ஞாயிறு பள்ளி டீச்சர்