மலையேறும் மாணவர்களுக்கு ஒரே வாடி, இரண்டு பயணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்ததும் மும்பைக் கல்லூரிகளில் ட்ரெக் அறிவிப்புகளை ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் மலையேற்றத்தையும் கிராமப் பணியையும் சேர்த்தே நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் என்ன வேலை, எந்த மாதம் என்பதை அந்த ஊரைக் கேட்காமல் இங்கேயே முடிவு செய்வதால் பிள்ளைகளின் உழைப்பில் பாதி வீணாகிறது. தாராவியில் பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவி நான். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

கர்ஜத் பக்கம் மலைமேல் உள்ள ஒரு தாக்கூர் ஆதிவாசி வாடிக்கு, அதாவது சின்னக் குக்கிராமத்துக்கு, எங்கள் குழு போகிறது. தாதரில் விடிகாலை லோக்கல், கர்ஜத்திலிருந்து அடிவாரம்வரை ஷேர் ஆட்டோ, அதற்குமேல் நடை. எங்களுக்கு முன்பு வந்த ஒரு குழு நோட்டும் பிஸ்கட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனதாம். அங்கே பிள்ளைகளிடம் நோட்டு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. சஹ்யாத்ரி என்கிற இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை கொட்டித் தீர்க்கிறது. செங்குத்தான பாறைச் சரிவில் அத்தனையும் வழிந்தோடிவிடுகிறது. கோடை முற்றுவதற்குள் கிணற்றில் அடி தெரிகிறது. குடத்தோடு வரிசையில் நிற்பது தாராவிப் பெண்ணுக்குப் புதிதல்ல. நிறைகுடத்தோடு மேடேறும் பெண்களை அங்கேதான் பார்த்தேன்.

என்ன செய்யட்டும் என்று எங்கள் பேராசிரியை கேட்டபோது, ஓடையைக் கட்டிக் கொடுங்கள் என்றார் அங்கிருந்த ஆஜி (பாட்டி) ஒருவர். மகாராஷ்டிரத்தில் இதை வனராயி பந்தாரா என்பார்கள். காலி சிமென்ட் பைகளில் மண்ணை நிரப்பி ஓடைக்குக் குறுக்கே அடுக்குகிற தடுப்பணை. அக்டோபர், நவம்பரில் நீரோட்டம் மெலிந்திருக்கும்போது கட்ட வேண்டும். பையை முக்கால் அளவே நிரப்பலாம். முழுக்கத் திணித்தால் உருண்டு கொள்ளும், ஒன்றன்மேல் ஒன்று படியாது. வாயைச் சணலால் இறுக்கி, செங்கல் சுவர் போல மூட்டு மாற்றி அடுக்கி, இடுக்கில் களிமண் அப்ப வேண்டும். அந்தக் கடைசி வேலையை ஆஜி எங்களிடம் விடவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிகாலால் மிதித்து மிதித்து, கசிவு நிற்கும்வரை அவர் இடத்தை விட்டு நகரவில்லை. நாங்கள் இறங்கும் நேரத்துக்குள் பைகளுக்குப் பின்னால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. மாட்டுக்கு ஆகும், துணி துவைக்க ஆகும், கீழே உள்ள கிணற்றிலும் ஊற்று இன்னும் சில வாரம் தாங்கும்.

இதில் ஒன்றைப் பல கல்லூரிகள் யோசிப்பதே இல்லை. அந்தப் பைகள் பிளாஸ்டிக் இழையால் ஆனவை. மக்காது, வெயிலில் இற்றுப்போகும். மே மாதத்துக்குள் எடுக்காவிட்டால் ஜூன் மாத முதல் வெள்ளம் அவற்றைக் கிழித்து உல்லாஸ் நதியில் சேர்த்துவிடும். கட்டுவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். பிரிப்பதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு கல்லூரியும் ஒரே வாடியை எடுத்துக்கொள்ளட்டும். மழை முடிந்ததும் கட்ட ஒரு பயணம், மழைக்கு முன் பைகளை எடுக்க ஒரு பயணம். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அந்தக் கணக்குக்குள் இது தாராளமாக அடங்கும். சாப்பாட்டையும் வாடியிலேயே சொல்லி, உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். சூடான பாக்ரி ரொட்டியும் பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும் இருக்கும்போது இங்கிருந்து பொட்டலம் எதற்கு?

நம் தமிழ்ப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலா பூஷி அணைப் பக்கம் ஒரு குடும்பத்தினரை வெள்ளம் அடித்துச் சென்ற காட்சியைப் பார்த்த பிறகு, மலை என்றாலே என் அம்மாவுக்குப் பதறுகிறது. அந்தப் பயம் நியாயமானது. அது கொட்டும் மழைக்காலம். பந்தாரா கட்டுவது ஓடை ஒடுங்கிய பிறகு. ஆனாலும் உள்ளூர் வழிகாட்டி உண்டா, எத்தனை மணிக்குள் இறங்குவார்கள், உடன் வரும் ஆசிரியர் யார் என்று கட்டாயம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் மகனையும் அனுப்பாதீர்கள். சரியாக இருந்தால் மகளை மட்டும் நிறுத்தாதீர்கள். எங்கள் தெருவில் அண்ணன் போகிறான், தங்கை வீட்டில் இருக்கிறாள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு முன்பே கல்லூரிகள் முகாம் தேதிகளை முடிவு செய்துவிடும் என்பதால், இக்கடிதத்தை விரைவில் வெளியிட வேண்டுகிறேன். சயான், மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் பைகளுக்கு அலைய வேண்டாம். பழைய பொருள்களைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் தாராவி 13-ஆம் காம்பவுண்டில் கிடைக்கும். அங்கே குடோன் வைத்திருக்கும் என் மாமா எங்களுக்குக் காசு வாங்காமல்தான் கொடுத்தார். மே மாதம் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி,
தாராவி, மும்பை.