பிளக் பாயின்ட் இல்லாத இடத்துக்கு எந்தக் கேமரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணத்துக்கு ஏற்ற கேமரா எது என்று சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மெகாபிக்சல், ஜூம், வைஃபை, வீடியோ எல்லாம் இருந்தன. பேட்டரி என்ற சொல் மட்டும் ஒரே ஓர் இடத்தில் வந்தது, அதுவும் 'நீடித்து உழைக்கும்' என்ற அடைமொழியோடு. எத்தனை நாள் உழைக்கும், தீர்ந்தால் எதில் செருகுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ராத்திரி அறைக்குத் திரும்பி, சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டுரை போதும். பிளக் பாயின்ட்டே கண்ணில் படாத இடத்துக்குப் போகிறவர்களும் உங்கள் வாசகர்களில் உண்டு. அவர்களில் ஒருத்தி நான்.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. செடிகொடிகளைப் பதிவு செய்யும் சிறு குழு ஒன்றோடு வருடத்துக்கு ஒரு முறையாவது மலைக்காட்டுக்குள் போய்விடுவேன். பன்னிரண்டு நாள், சில சமயம் பதினெட்டு நாள், கூடாரத்தில் வாசம். ஒரு செடியை அடையாளம் காண ஒரு படம் பத்தாது. இலையின் மேல்புறம், அடிப்புறம், காம்பு தண்டோடு சேரும் கணு, பூ, பூவின் உள்பக்கம், காய் என்று பத்துப் படமாவது வேண்டும். ஒரு நாளைக்கு நூறு படம் சர்வ சாதாரணம்.

முதல் பயணத்துக்குப் புத்தம்புது மிரர்லெஸ் கேமரா ஒன்றும் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்த பவர் பேங்க் ஒன்றும் எடுத்துப் போனேன். கேமரா பேட்டரியின் மேல் ஏறக்குறைய 2,000 என்று போட்டிருந்தது. வகுத்தேன், பத்து வந்தது. பத்து முறை சார்ஜ் ஏற்றலாம், கேமராவுக்குள் ஏற்கெனவே ஒன்று நிறைந்திருக்கிறது, பன்னிரண்டு நாளுக்குத் தாராளம் என்று நிம்மதியாகப் போனேன். ஐந்தாம் நாள் ராத்திரியே பவர் பேங்கின் நான்கு விளக்குகளில் ஒன்றுதான் மினுக்கிக்கொண்டிருந்தது.

வோல்ட்டைப் பெருக்க மறந்திருக்கிறேன். முப்பது வருடம் பள்ளியில் இருந்தவள். என்னோடு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர்கள் யாரும் இந்தக் கடிதத்தைப் படிக்காமல் இருக்க வேண்டும். பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 20 ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் மணி, அதாவது உள்ளே இருக்கும் மொத்த மின்சக்தி. கேமரா பேட்டரியோ 7.2 வோல்ட், அதன் கொள்ளளவு 14.4 வாட் மணி. 74-ஐ 14.4-ஆல் வகுத்தால் ஐந்தைச் சற்றே தாண்டும். அதிலும் முழுதாகக் கைக்கு வராது. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதில் கொஞ்சம், கேபிளில் கொஞ்சம், கேமராவுக்குள் கொஞ்சம் என்று சூடாகவே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது மூன்றரை சார்ஜுக்கும் குறைவு. பத்து என்று நம்பிப் போனவளுக்கு மூன்றரை.

அதிலும் ஒன்றை நானே கெடுத்தேன். என் கேமராவில் சுவிட்சை அணைத்தால்தான் சார்ஜ் ஏறும். ஒரு ராத்திரி அணைக்க மறந்து, கேபிளைச் செருகிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் பேட்டரி படுக்கும்போது இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் விடியற்காலை. விழுந்து கிடந்த ஒரு கிளையில் விரல் நகம் அளவுக்கு ஓர் ஆர்க்கிட் பூ. கேமராவைத் திறந்தால் திரையில் சிவப்புக் குறி. குளிர் வேறு, குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரமே கையை விரித்துவிடும். கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கால் மணி நேரம் அந்தக் கிளைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பப் போட்டதும் உயிர் வந்தது. ஏழு படம் எடுத்தேன். எட்டாவதற்கு லென்ஸ் பாதி நீட்டியபடியே நின்றுபோனது. பூவின் அடிப்பக்கத்தை நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டேன். அது ஒன்றும் மோசமில்லை, ஆனால் அதற்குக் கேமரா எதற்கு?

குழுவில் என் பழைய மாணவன் ஒருவன் இருந்தான். அவனிடம் இருந்தது பத்து வருடத்துக்கு முந்திய டிஎஸ்எல்ஆர், யாரோ பயன்படுத்தி விற்றது. மூன்று பேட்டரி கொண்டுவந்தவன், கடைசி நாள் ஒன்றை உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி எடுத்துப் போனான். "நான் கண்ணாடியில பாக்கறேன் டீச்சர், நீங்க டிவில பாக்கறீங்க. அதான் வித்தியாசம்" என்றான். சிரிப்பு வந்தாலும் விஷயம் அதுதான். டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் தெரிவது லென்ஸ் வழியாக வந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேட்டரிக்கு அதில் பெரிய செலவில்லை. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. படத்தைப் பதியும் சென்சார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பின்னால் இருக்கும் திரையோ வ்யூஃபைண்டருக்குள் இருக்கும் குட்டித் திரையோ எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வண்ணத்துப்பூச்சி இறக்கை விரிக்கட்டும் என்று இருபது நிமிடம் காத்திருந்தால் அவனுக்கு ஒன்றும் குறையாது. எனக்கு ஒரு படமும் எடுக்காமலே பேட்டரி இறங்கும்.

நான் கதை சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களைச் சொல்கிறேன். 2018-இல் வந்த நிக்கான் இசட் 6 மிரர்லெஸ், 2020-இல் வந்த நிக்கான் டி780 டிஎஸ்எல்ஆர். இரண்டுக்கும் ஒரே வகைப் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு, வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால், இசட் 6-க்கு 310 படம். டி780-க்கு 2,260 படம் என்று நிறுவனமே சொல்கிறது. ஏழு மடங்கு! டி780-ஐயே கண்ணிலிருந்து எடுத்துப் பின்திரையைப் பார்த்துச் சுட ஆரம்பித்தால் அந்த லாபம் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த எண்கள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. கேமரா நிறுவனங்களின் ஜப்பானியக் கூட்டமைப்பான சிபா வகுத்த சோதனை முறை ஒன்று உண்டு. 23 டிகிரி செல்சியஸில், அரை நிமிடத்துக்கு ஒரு படம், கேமராவிலேயே ஃப்ளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃப்ளாஷ், நடுநடுவே அணைத்து மறுபடி போடுவது என்று போகும். காட்டில் யாரும் அப்படி எடுப்பதில்லை. படபடவென்று எடுப்பவருக்கு அதைவிடக் கூடுதலாக வரும். என்னைப் போல் நின்று நிதானித்து, எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்குக் குறையும். ஆனாலும் இரண்டு கேமராக்களை ஒப்பிட இதைவிட உருப்படியான எண் பெட்டியின் மேல் வேறில்லை. உங்கள் கட்டுரையில் ஒன்பது கேமராக்கள் இருந்தன. ஒன்றுக்காவது இந்த எண்ணைப் போட்டிருக்கலாம்.

சோலார் பேனலைப் பற்றியும் கேட்பீர்கள். இரண்டாம் பயணத்துக்கு 10 வாட் பேனல் ஒன்று வாங்கி முதுகுப்பையின் மேல் கட்டிக்கொண்டேன். விளம்பரப் படத்தில் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள். நடக்கும்போது வெயில் முதுகில் நேராக விழுவது நாளில் எவ்வளவு நேரம்? செல்களைத் தொடராக இணைத்திருப்பதால் பையின் வார் நிழல் ஒரு செல்லின் மேல் விழுந்தாலே மொத்தமும் சோர்ந்துவிடுகிறது. மரநிழலில் சுத்தமாக ஒன்றும் வரவில்லை. நட்டநடு மதியம், பாறைமேல், சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்தபோது பார்த்த அதிகபட்சம் 6 வாட். அந்தக் கணக்கில் ஒரு கேமரா பேட்டரியை நிரப்ப, இழப்பையும் சேர்த்து, நல்ல வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் போகும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் முகாம் போடுகிறவர்களுக்கும் படகில் போகிறவர்களுக்கும் அது பிரமாதமான பொருள். நடக்கிறவர்களுக்கு அது சுமை. பேனல் வைத்திருப்பவர்களும் கேமராவை நேராக அதில் செருக வேண்டாம். ஒரு மேகம் கடந்தாலே சார்ஜ் அறுந்து மறுபடி தொடங்கும். நடுவில் பவர் பேங்க் இருக்கட்டும், அதுவும் பேனலின் நிழலில் இருக்கட்டும். லித்தியம் பேட்டரியைக் கொதிக்கும் சூட்டிலும் ஏற்றக் கூடாது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழும் ஏற்றக் கூடாது.

பிறகு நான் கண்டுபிடித்தது வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. நல்ல அளவுள்ள கேமரா பேட்டரி ஒன்று சுமார் 80 கிராம். நான்கு வைத்தால் 320 கிராம், ஏறக்குறைய 58 வாட் மணி, அப்படியே முழுதாகக் கேமராவுக்குப் போய்ச் சேரும். என் பவர் பேங்க் அதைவிடக் கனம். கடைசியில் தருவது 49 வாட் மணி. கேமராவுக்கு மட்டும்தான் மின்சாரம் என்றால் பவர் பேங்கே வேண்டாம், பேட்டரியைக் கூட்டிக்கொள்ளலாம். கழற்ற முடியாத பேட்டரி உள்ள கேமராவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். விமானத்தில் போகிறவர்கள் உதிரிப் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட் மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதாவது 3.7 வோல்ட் கணக்கில் 27,000 மில்லி ஆம்பியர் மணி வரை கவலையில்லை.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற டபுள் ஏ செல்லில் ஓடும் கேமராக்களை இன்று யாரும் மதிப்பதில்லை. எனக்கு அவற்றின்மேல் தனிப் பாசம். 2013-இல் வந்த பென்டாக்ஸ் கே-50 தன் பேட்டரியிலும் ஓடும், தனியாக விற்ற ஒரு கூடு வாங்கி மாட்டினால் நான்கு டபுள் ஏ செல்லிலும் ஓடும். சாதாரண அல்கலைன் செல் போட்டால் சீக்கிரமே 'பேட்டரி காலி' என்று சொல்லிவிடும். உண்மையில் காலியாகியிருக்காது, கேமரா ஒரே மூச்சில் இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் செல்லால் தர முடியவில்லை, அவ்வளவுதான். அதையே டார்ச்சில் போட்டால் இன்னும் பல ராத்திரி எரியும். லித்தியம் டபுள் ஏ செல் வேறு ஜாதி: 15 கிராம்தான், அல்கலைனோ 23 கிராம், மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும். ஆனால் ஒரு முறைதான். தீர்ந்ததைக் காட்டில் எறியாமல் திரும்பச் சுமந்து வர வேண்டும்.

ஃபிலிம் கேமராவை விட்டுவிட்டேனே என்று சிலர் கோபிப்பார்கள். 1976-இல் வந்த பென்டாக்ஸ் கே1000, 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2 இரண்டிலும் ஷட்டர் சுருள்வில்லில் ஓடுகிறது. பொத்தான் பேட்டரி ஒளி அளப்பதற்கு மட்டும். அது செத்தாலும் படம் விழும். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கை ஹிலாரி படம் பிடித்தது கோடாக் ரெட்டினா கேமராவில். அதில் சார்ஜ் என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஒரு செடிக்குப் பத்துப் படம் என்றால் 36 படச் சுருள் நான்கு செடிக்குக்கூட வராது. எனக்கு ஒத்துவரவில்லை.

கையில் இருக்கும் கேமராவை வைத்தே பிழைக்கலாம் என்பவர்களுக்கு என் மாணவன் சொன்னதைச் சொல்கிறேன். எடுத்ததும் படம் திரையில் தானாக வருவதை நிறுத்தச் சொன்னான். "அழிக்கறது, பாக்கறது எல்லாம் வீட்டுக்குப் போய் டீச்சர்." வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் மெனுவுக்குள் போய் அணைக்கச் சொன்னான். சில மாடல்களில் கேமராவை அணைத்த பிறகும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்குமாம். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆசிரியர் அவர்களே, இனி கேமரா பற்றி எழுதும்போது ஒரு சார்ஜுக்கு எத்தனை படம், பேட்டரி கழற்ற வருமா, கேமராவுக்கு வெளியே யூஎஸ்பியில் சார்ஜ் போட முடியுமா என்ற மூன்றை மட்டுமாவது சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது முக்கியம்: ஒன்று வெளியே ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை வைத்துப் படம் எடுக்கலாம்.

நான் அந்தப் புதுக் கேமராவை என் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் வீட்டில் பிளக் பாயின்ட் நிறைய உண்டு. இப்போது என்னிடம் இருப்பதும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர். அடுத்த மாதம் பதினெட்டு நாள் பயணம். நான்கு பேட்டரிகளிலும் ஒன்று முதல் நான்கு வரை மையால் எண் போட்டிருக்கிறேன். நிறைந்தது மூடியோடு இருக்கும், தீர்ந்தது மூடி இல்லாமல் பையின் வேறு அறைக்குப் போகும். இருட்டில் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர்