தடைக்காலத்திலும் அதே வஞ்சிரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி ஒயிட் டவுனில் 20, 25 பேர் மட்டுமே உட்காரக்கூடிய சில பிரெஞ்சு உணவகங்கள் ‘பருவகால மெனு’ என்று சொல்லி விருந்து பரிமாறுகின்றன. நாலைந்து வகைதான், எல்லா மேசைக்கும் அதேதான். சமையலறையில் இரண்டு மூன்று பேர் மட்டுமே நிற்கும் இடத்துக்கு அதுவே சரியான முறை. எங்கள் குறை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் அதே வஞ்சிரம் தட்டுக்கு வருகிறதென்றால், அதில் பருவம் எங்கே இருக்கிறது?

அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது கிடைக்கும் பெரிய வஞ்சிரம் பெரும்பாலும் கேரளக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவோ, கிடங்கில் உறைய வைத்ததாகவோ இருக்கும். மெதுவாக உறையும் மீனில் ஐஸ் படிகங்கள் சதையைக் கிழித்துவிடும். தவாவில் போட்டதும் தண்ணீர் விடும், தோல் முறுகாமல் அவிந்துபோகும், சதை சக்கையாகும். எந்த சாஸ் ஊற்றினாலும் இதை மறைக்க முடியாது.

ஃபைபர் படகுகள் தடைக்காலத்திலும் கரையோரம் போய்வருகின்றன. அன்றைக்கு வந்த சங்கரா போதுமே! தோலோடு துண்டு போட்டு, முள் எடுத்து, உப்பு தடவிப் பத்து நிமிடம் வைத்து, விட்ட நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த தவாவில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, முதல் அரை நிமிடம் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் சுருளாது. முக்கால் வேக்காடு தோல் பக்கமே ஆகிவிட வேண்டும். திருப்பிப் போட்டால் அரை நிமிடம் போதும்.

இதற்கான பேர் பிளான் என்ற பிரெஞ்சு வெண்ணெய் சாஸுக்கு நம் சின்ன வெங்காயமே அருமையாகப் பொருந்தும். பொடியாக நறுக்கிய நான்கு வெங்காயத்தை 100 மில்லி வெள்ளை ஒயின், 50 மில்லி வினிகரோடு இரண்டு மேசைக்கரண்டி அளவாகச் சுண்டவிட்டு, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடிக்க வேண்டும். கொதி வந்தால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். ஏசி அறையில் குளிர்ந்த தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். ஆகவே தட்டைச் சூடாக்குவதும் சமையலில் சேர்ந்ததே. தட்டு வந்தபின் பத்து கோணத்தில் படம் எடுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இனிப்புக்கும் வெளியே தேட வேண்டாம். தடைக்காலம்தான் பண்ருட்டிப் பலாவின் காலம். அதை வைத்து டார்ட் (மாவுக் கிண்ணத்தில் பூரணம் வைத்துச் சுடும் பிரெஞ்சு இனிப்பு) செய்யலாம். அதன் பூரணத்தில் பாதாம் பொடிக்குப் பதில் பண்ருட்டி முந்திரி: வெண்ணெய், சர்க்கரை, முந்திரிப் பொடி, முட்டை நான்கும் தலா 100 கிராம். முந்திரியைப் பொடிக்கும்போது மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். பலாச்சுளையை முதலில் தவாவில் வதக்கி ஈரத்தை வற்றவிடாவிட்டால் டார்ட்டின் அடி நமுத்துப்போகும்.

மெனு அட்டையில் மீனின் பெயரோடு எந்தக் கரையில் இறங்கியது, உறைய வைத்ததா என்று ஒரு வரி அச்சிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பல ஆயிரம் கொடுத்துச் சாப்பிடுபவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அதேபோல, முன்பதிவு செய்தவர்கள் வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். 20 இருக்கையில் நாலு பேர் வராவிட்டால் அன்று வாங்கிய மீன் வீண். மறுநாளைக்கு எடுத்து வைக்கத் தொடங்கும் இடத்தில்தான் ஐஸ் பெட்டி சமையலறைக்குள் நுழைகிறது.

இப்படிக்கு,
உணவகச் சமையலர்கள் சிலர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.