ஹாலில் பாய் விரித்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படி. படித்துவிட்டுக் கயலிடமும் கொடு. ஊரில் பாதிப் பெண்கள் நர்சம்மா, நர்சம்மா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சொல்லாமல் விடவேண்டும்?

போன வாரம் கயல் பேசினாள். மசக்கை நின்றது, முதுகு வலிக்குது என்று என்னென்னமோ சொல்லிவிட்டுக் கடைசியில், "அத்தை, உங்க மகன் இப்பல்லாம் ஹால்லதான் படுக்கறாரு. நான் குண்டாயிட்டேன்ல, அதான் போல" என்று சிரித்தாள். அது சிரிப்பாகவே இல்லை. நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். "பொறக்கற வரைக்கும் தனித்தனியா படுத்துக்குங்க" என்று சம்பந்தியம்மா சொல்லியிருப்பார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீயும் பயந்து பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாய். பயத்தில்தான் போனாய் என்பதை அவளிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். உன் அப்பா பிள்ளைதானே நீ.

பயத்தை முதலில் தீர்க்கிறேன். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் கணவன் மனைவி சேர்ந்திருப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அது பனிக்குடத்துக்குள், தண்ணீருக்குள் கிடக்கிறது. சுற்றிலும் கர்ப்பப்பையின் கெட்டியான சதை. கர்ப்பப்பை வாயைக் கோழையான அடைப்பு ஒன்று மூடியிருக்கிறது. எதுவும் போய்க் குழந்தையை இடிக்காது. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் பாதியளவுக்குக் கருவிலேயே இருக்கிற குரோமோசோம் கோளாறுதான் காரணம். அந்தப் பழியைப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்ததன் மேல் போட்டு, அந்தப் பெண்ணையே குற்றவாளியாக நிற்க வைத்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூடாது என்பதற்கும் காரணங்கள் உண்டு. ரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்துவிட்டால், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டிருந்தால், குறைமாதப் பிரசவம் ஆகும் என்று டாக்டர் பயந்தால் வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலும் வேண்டாம். ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார். பிளசன்டா என்று ஒரு வரி இருக்கும், நஞ்சுக்கொடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆன்டீரியர், போஸ்டீரியர் என்று எழுதியிருந்தால் அது முன்பக்கம், பின்பக்கம் என்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. லோ லையிங் என்றோ பிரீவியா என்றோ இருந்தால் டாக்டர் சரி என்கிற வரை பொறுங்கள். கர்ப்பப்பை வளர வளர நஞ்சு பெரும்பாலும் மேலே போய்விடும், 32 வாரத்தில் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த செக்கப்புக்குக் கூடவே போய், "டாக்டர், நாங்க சேர்ந்து இருக்கலாமா?" என்று நீயே கேள். தினமும் கேட்கிற கேள்விதான் அவர்களுக்கு. அவளைக் கேட்கச் சொல்லிவிட்டு நீ வராண்டாவில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்காதே.

ஆசை விஷயம் மாசத்துக்கு மாசம் மாறும். முதல் மூன்று மாசம் வாந்தியும் அசதியும் அவளைத் தூக்கிப் போட்டிருக்கும். இப்போது அவளுக்கு ஆறாவது மாசம். சில பெண்களுக்கு இந்தச் சமயத்தில் இடுப்புப் பக்கம் ரத்த ஓட்டம் கூடி ஆசையும் கூடும், சிலருக்குத் தொடவே பிடிக்காது. இரண்டும் இயல்புதான். போகப்போக மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும், அதனால் ஒருக்களித்துப் படுப்பதுதான் அவளுக்குச் சுகம். சேர்ந்து முடிந்த பிறகு வயிறு கொஞ்ச நேரம் இறுகித் தளரும், அதற்குப் பதற வேண்டாம். வலி சீராக விட்டுவிட்டு வந்தாலோ, ரத்தமோ தண்ணீரோ போனாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கடைசி மாசம் சேர்ந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஆகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதைச் சொல்லி அவளை யாரும் நெருக்கக் கூடாது.

அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காக ஹாலுக்கு ஏன் போகவேண்டும்? காலைப் பிடித்து விடு, முதுகுக்கு எண்ணெய் தேய், பக்கத்தில் படு.

பிரசவத்துக்குப் பிறகு வருவதுதான் பெரிய விஷயம். வீடு வீடாகப் போகும்போது ஒன்று கவனிப்பேன். பிள்ளை பெற்றவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், மாமியாரோ அம்மாவோ நிலைப்படியில் நிற்பார்கள். பால் நல்லா குடிக்குதா, தையல் ஆறிடுச்சா என்று நான் கேட்க, பதில் நிலைப்படியில் இருந்துதான் வரும். அதனால் "ஒரு சொம்பு சுடுதண்ணி கொண்டாங்க" என்று அவர்களை அடுப்படிக்கு அனுப்புவேன். தண்ணீர் சுடுகிற அந்த நேரத்தில்தான் அவள் வாய் திறக்கும். "நர்சம்மா, அவரு கூப்புடறாரு, எனக்குப் பயமா இருக்கு. இல்லேன்னு சொன்னா வேற எங்கயாவது போயிடுவாரோ?" ஊருக்கு ஊர் இதே கேள்வி. அந்தப் பயத்தில் தையல் ஆறுமுன்பே சரி என்று சொல்லிவிட்டு, காய்ச்சலும் வலியுமாக வந்து நின்றவர்களும் உண்டு.

கயல் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. நஞ்சு பிரிந்த இடம் கர்ப்பப்பைக்குள் பச்சைப் புண்ணாக இருக்கும். ரத்தப்போக்கு முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் வெளுத்து நிற்க நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். அது நிற்காமல் கிட்டே போனால் கிருமி தொற்றலாம். ஆபரேஷன் ஆனாலும் இதே கதைதான், கூடவே வயிற்றுத் தையலும் ஆறவேண்டும். ஆறு வாரத்தில் டாக்டரிடம் ஒரு செக்கப் இருக்கும், அதுவரை பொறுப்பது நல்லது. ஆறு வாரம் முடிந்த அன்றே அவள் தயாராக இருப்பாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்காதே. பால் கொடுக்கும்வரை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும். அதனால் பிறப்புறுப்பு வறண்டு எரியும், ஆசையும் மங்கும். ராத்திரி தூக்கம் கெட்டவளுக்குப் படுக்கை என்றாலே தூக்கம்தான் நினைவுக்கு வரும். உன்மேல் பிரியம் போய்விட்டது என்று அதற்குள் முடிவு கட்டாதே.

வறட்சிக்கு மருந்துக் கடையில் தண்ணீர் கலந்த ஜெல்லி கிடைக்கும். தேங்காய் எண்ணெய் போடாதே, ஆணுறை இளகிக் கிழிந்துவிடும். மெதுவாகச் சேர்ந்தும் மாசக்கணக்கில் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, தையல் தழும்பை டாக்டர் பார்க்கட்டும். முதல் வாரத்தில் அழுவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும், குழந்தையைப் பார்க்கவே வெறுப்பும் இருந்தால், பேய் பிசாசு என்று யாரும் வேப்பிலை அடிக்க விடாதே. அது மனசுக்கு வருகிற வியாதி. மனநல உதவிக்கு இருக்கிற 14416-க்குப் போன் செய், டாக்டரிடம் கூட்டிப் போ.

இன்னொன்று. மாதவிலக்கு வராதவரைக்கும் கரு நிற்காது என்று நம்பாதே. மூத்தது ஏழு மாசக் கைக்குழந்தை, இடுப்பில் வைத்துக்கொண்டே அடுத்ததற்குப் பதிய வந்த பெண்கள் உண்டு. "இன்னும் தலைக்கே ஊத்தலையே நர்சம்மா" என்பார்கள். முட்டை முதலில் வந்துவிடலாம், விலக்கு அப்புறம்தான் வரும். பால் கொடுப்பது காப்பாற்றும்தான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கவேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் காவல் போச்சு. கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து. மூன்று மாசத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா என்கிற கருத்தடை ஊசியையும் பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். சாயா என்கிற கருத்தடை மாத்திரையில் ஹார்மோனே கிடையாது. ஆணுறையும் இருக்கிறது, அதை வாங்கப் போகவேண்டியவன் நீ. நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் நிரோத் வாங்கப் பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு வேப்ப மரத்தடியில் நிற்கிற ஆம்பளைகளைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாகத் தாய் வீட்டு விஷயம். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அழைத்துப் போய், பிள்ளைக்கு ஐந்தாம் மாசம் ஆகும்போது அவளைக் கொண்டு வந்து விடுவது நம் வழக்கம். பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு கிடைக்கிறது, கணவனிடம் இருந்து தள்ளியும் வைத்துவிடுகிறது. அந்த மட்டில் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மாசங்களில் புருஷன் ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் டப்பாவோடு வந்து, காபி குடித்து, குழந்தையைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி ஆகிவிடுகிறான். அவள் திரும்பி வரும்போது இருவருக்கும் நடுவில் பேச்சே இருக்காது, படுக்கை மட்டும் இருக்கும். நீ அப்படிப் போகாதே. உன் கம்பெனி எத்தனை நாள் லீவு கொடுக்குமோ அத்தனையும் எடு. போனால் துணி அலசு, ராத்திரி பாலுக்கு அழுதால் குழந்தையைத் தூக்கிக் கொடு. சம்பந்தியம்மா முதலில் முகம் சுளிப்பார்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வளைகாப்புக்குப் பங்குனியில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேதி சொன்னதும் ரயிலுக்குப் பதிந்துவிடு, கீழ் பர்த் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா